இரும்பாண்டியின் பகல் வேலை

ஜூன் 2, ஞாயிறு

இன்று இரும்பாண்டி நொய்யல் பாலத்தைத் தாங்கிப் பிடித்தான். பாலத்தின் மேல் இரண்டு டவுன் பஸ், ஒரு கரும்பு லாரி. பகடையில் ஆறு விழுந்ததும் அப்பாஸ் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினான்.

சென்ற மாதம், செத்துப்போன வில்லனை மறந்துபோய் மறுபடி உயிரோடு கொண்டுவந்து மூன்று பேரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்காகத்தான் இந்த டைரி. ஆட்டத்தில் நடந்ததை மட்டும் எழுதுவது, சொந்தக் கதையை இழுப்பதில்லை என்று முடிவு.

பின்னால் எப்போதாவது நானே படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கம். கணபதியில் அப்பாஸின் செல்போன் கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறு தோறும் ஆட்டம். இதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. கதை நடத்துவது நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ. "பாலம் சரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நாலுக்குக் குறையாமல் விழுந்தால் நடக்கும். நான் உருட்டும் பகடையை மட்டும் மற்றவர்கள் பார்க்கக் கூடாது, பார்த்தால் கதை தெரிந்துவிடும். அதற்காகப் பழைய காலண்டர் அட்டை ஒன்றை மடித்து என் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு பகல் வேலை உண்டு. ஹீரோவின் தாளில் வலது மேல் மூலையில் அதற்கென்றே ஒரு கட்டம். பகல் வேலை இல்லாத ஹீரோ எங்கள் ஆட்டத்தில் செல்ல மாட்டான். சோறு எங்கிருந்து வருகிறது, யார் யாரைத் தெரியும், ஊரைக் காப்பாற்றக் கிளம்பும்போது முதலாளியிடம் என்ன சாக்குச் சொல்வான், எல்லாமே அந்தக் கட்டத்திலிருந்துதான். அப்பாஸின் ஹீரோ யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். பகலில் வருமான வரி அதிகாரி. கடைக்காரனின் ஆசை அப்படி. சகாயமேரி கணக்கு டீச்சர். அவளுடைய ஆவியரசி நினைத்தபோது நீராவியாக மாறுவாள். பகலில் பஸ் கண்டக்டர். "அங்கயாச்சும் உள்ள போங்கன்னு சொன்னா போறாங்கண்ணா" என்றாள். நவநீதன் மட்டும் தன் சொந்த வேலையையே இரும்பாண்டிக்கும் கொடுத்துவிட்டான். பம்பு கம்பெனியில் டெஸ்டிங். "வேற எந்த வேலையப் பத்தி எனக்கென்னடா தெரியும்?" என்றான்.

நவநீதனும் நானும் ஒரே கம்பெனி. அவன் டெஸ்டிங், நான் ஸ்டோர்ஸ். சேர்ந்த காலத்திலிருந்து கேட்டுக்கு எதிரே உள்ள பேக்கரியில் ஒன்றாகத்தான் டீ. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பகடை கிடக்கும். சின்ன எண் விழுந்தவன் டீக்குக் காசு. அவன் அப்பாவைச் செவ்வாய், வெள்ளி மதியங்களில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். யாராவது தேடினால், "ஸ்டோர்ஸ்ல உள்ள ஏதோ பாத்துட்டிருக்காருங்" என்று நான் சொல்லிவிடுவேன். இரும்பாண்டிக்குச் சாக்கு அவன் தாளில் இருக்கிறது. நவநீதனுக்குச் சாக்கு நான்.

முதல் நாளே சொந்தக் கதை வந்துவிட்டது.

ஜூன் 5, புதன்

பொது மேலாளர் ராமபத்ரன் கூப்பிட்டனுப்பினார். ஜூலையிலிருந்து டெஸ்டிங்கும் ஸ்டோர்ஸும் ஒரே ஆளின் கீழ் வருமாம். மேலிடத்து முடிவு. அறிவிக்கும் வரை மூச்சு விடக் கூடாது என்றார். பிறகு நவநீதனைப் பற்றிக் கேட்டார். வேலை எப்படி, பழக்கம் எப்படி, வருகை எப்படி. கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை.

வரும் வழியில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். வெண்டைக்காய் வாங்கினேன், எல்லாம் முற்றல். என் மனைவி கோகிலா அதையும் சாம்பாரில் போட்டுவிட்டாள்.

ஜூன் 8, சனி

பேக்கரியில் நவநீதன் ஒரு செய்தி சொன்னான். ஓசூரில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டிருக்கிறது.

"சம்பளம் நல்லாத்தான் குடுக்கறாங்க. பதினெட்டாந் தேதிக்குள்ள வர்றனா இல்லியான்னு சொல்லோணும். ஆனா எங்கப்பாவ வெச்சுக்கிட்டுப் புது ஊர்ல ஆஸ்பத்திரி தேடி, வீடு தேடி, லேசுப்பட்ட காரியமா அது? நம்ம கம்பெனி நல்லாருந்தா நான் ஏன்டா போறேன். நீ சொல்லு, உள்ள எப்படியிருக்கு?"

நான் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றேன்.

"ஒண்ணு பண்ணு. மொதல்ல இரும்பாண்டிக்கு வேலை மாத்திப் பாப்போம். அவனுக்கு ஒரு ஆஃபர் குடு. அவன் போறானா இருக்கறானான்னு பாத்துட்டு நான் முடிவு பண்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பகடை எனக்கு ஒன்று, அவனுக்கு நாலு. காசு நான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. வெளியே சொல்லக் கூடாது என்றுதான் ராமபத்ரன் சொன்னார். ஆட்டத்தில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே.

ஜூன் 9, ஞாயிறு

மேரிக்குச் சர்ச்சில் திருவிழா, ஆட்டம் இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான கதையைத் தயார் செய்தேன்.

வேலை மாறும் ஆட்டத்துக்கு எங்களிடம் தனி விதி இருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் சக்தி கிடையாது. அப்பாஸ் பண்ணின வேலையால் வந்த விதி இது. முன்பு ஒரு முறை அவன் ஹீரோ, அதிகாரியின் பெண்டாட்டி குரலில் அதிகாரிக்கே போன் போட்டு வருமான வரி உத்தியோகத்தை வாங்கிவிட்டான். மேரி சண்டைக்கு வந்தாள். "வேலைக்குப் போறதுன்னா எல்லாரும் மனுசங்களா போங்க" என்றாள். அன்றிலிருந்து, வேலை மாற்ற வேண்டுமென்றால் முழு ஆட்டமும் சாதாரணச் சட்டை, சாதாரணப் பேச்சு, சாதாரணப் பயம்தான்.

திட்டம் இது. இரும்பாண்டியின் பம்பு கம்பெனி தடுமாறும். வெளியூரிலிருந்து ஒரு நல்ல வேலை அவனைத் தேடி வரும். இங்கே பூட்டு விழும், அவன் அங்கே போய்விடுவான். நவநீதன் கெட்டிக்காரன், நான் எதைச் சொல்கிறேன் என்று புரிந்துகொள்வான். எனக்கும் வாக்குத் தவறின பாவம் வராது.

இரும்பாண்டியின் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்வது குமரேசன் என்று ஒருவன். அவனுக்காகப் பேசுவது நான். கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் பயந்த சுபாவம், ஆனால் நல்லவன். இரும்பாண்டி யார் என்ற ரகசியம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். குமரேசன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நான் நடத்தும் கதையில் நான் நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

நீண்ட நாளைக்குப் பிறகு இன்று மனசு லேசாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

இரண்டு பகுதிக்கும் நான்தான் என்று ராமபத்ரன் சொல்லிவிட்டார். கோகிலாவிடம் மட்டும் சொன்னேன். சந்தோஷத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை.

"அப்ப நவநீதண்ணனுக்குங்?" என்று கேட்டாள்.

"அவனுக்கும் ஏதாச்சும் பாப்பாங்க."

அவள் கேசரி கிண்டினாள். நவநீதன் வீட்டுக்கு என்று ஒரு டப்பாவிலும் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஜூன் 13, வியாழன்

"என்னடா விசேஷம்?" என்று நவநீதன் கேட்டான். "சும்மா" என்றேன். முந்திரி நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான்.

ஜூன் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் திட்டப்படிதான் ஆரம்பித்தது. பம்பு கம்பெனியில் ஆர்டர் குறைகிறது, கேன்டீனில் வடையின் அளவு சிறுக்கிறது, மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிறார். இரும்பாண்டிக்கு வெளியூரிலிருந்து அழைப்பு வருகிறது. நான் அந்த ஊரைக் கொஞ்சம் தூக்கலாகவே வர்ணித்தேன். நல்ல குளிர், நல்ல ஆஸ்பத்திரி, வீட்டு வாசலிலேயே பஸ்.

"ஏன்டா, வில்லனே இல்லாத ஊருக்கு இரும்பாண்டி போய் என்ன பண்றது?" என்றான் அப்பாஸ்.

நவநீதன் சிரிக்கவில்லை. கையில் பென்சிலை உருட்டிக்கொண்டே இரும்பாண்டியாகப் பேசினான். "நான் நேரா ஸ்டோர்ஸுக்குப் போறேன். குமரேசா, நீ சொல்லு. நம்ம கம்பெனி நிக்குமா நிக்காதா?"

குமரேசன் என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். "போயிரு சாமி, இங்க ஒண்ணும் சரியில்ல" என்பதுதான் வசனம். அதைச் சொல்ல வாயெடுத்தபோது நவநீதன் என்னை நேராகப் பார்த்தான். குமரேசன் குரலில் வேறொன்று வந்தது.

"எனக்கெப்படிங் தெரியும்?"

"அப்பப் பகடையக் கேட்டுருவோம்" என்றான் நவநீதன். "கம்பெனி பொழைக்கும்னா இரும்பாண்டி இங்கயே இருக்கான். இல்லீன்னா மூட்டை கட்றான். உருட்டு."

கம்பெனியின் கதி என் பகடை. அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். இரண்டு விழுந்தது.

எனக்கு வேண்டியதே அதுதான். பகடையே என் பக்கம் நின்றது. இரண்டு என்று சொன்னால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். நிமிர்ந்தேன். அப்பாஸ் முறுக்கை வாயருகே பிடித்தபடி இருந்தான். மேரி என் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்திருந்தாள். நவநீதன் முகத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்குக் காத்திருக்கும்போது இருக்குமே, அந்தக் களை. நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று.

"அஞ்சு" என்றேன்.

அப்பாஸ் முறுக்கோடு எழுந்து ஆடினான். நவநீதன் மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். இரும்பாண்டி ஆஃபர் கடிதத்தில் வடை மடித்துத் தின்றதாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தக் கொஞ்ச நேரம் நிஜமாகவே கம்பெனி பிழைத்துவிட்ட மாதிரி எனக்கும் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. கெட்ட செய்தியை என் வாயால் சொல்லக் கூடாது என்ற கோழைத்தனம், அவ்வளவுதான். போகட்டும், ஆட்டம்தானே.

ஜூன் 17, திங்கள்

ஆட்டம்தானே என்று எழுதியிருக்கிறேன் நேற்று.

டீ கையில் வருவதற்கு முன்பே நவநீதன் சொன்னான். "ஓசூருக்கு வரலீன்னு சொல்லிட்டேன். நேத்து வீட்டுக்குப் போன கையோட மெயில் போட்டுட்டேன்."

"எதுக்குடா அவசரம்? பதினெட்டு வரைக்கும் இருக்குதில்ல?"

"அதான் நீயே சொல்லிட்டியே."

"பகடைய நம்பியா முடிவு பண்ணுன?"

"பகடையவா? உன்னய நம்பிடா." அவன் தோளில் இடித்தான். "நீ அட்டைக்குப் பொறத்தால மாத்திச் சொல்றது எனக்குத் தெரியாதா? நம்ம எடம் மோசமா இருந்திருந்தா, அஞ்சே விழுந்திருந்தாலும் நீ ரெண்டுன்னுதான் சொல்லியிருப்ப. என்னய மாட்ட விட மாட்ட."

டீ சுட்டது. பேக்கரிக்காரர் மாணிக்கண்ணன் சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

"எங்கப்பாகிட்டச் சொன்னேன். மனுசன் நேத்து ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாரு" என்றான் நவநீதன்.

நாளை ஒரு நாள் இருக்கிறது. நாளை சொல்லிவிட வேண்டும். ராமபத்ரனாவது, வாக்காவது. ஓசூர்க்காரர்களுக்கு மறுபடி ஒரு மெயில் போட்டால் முடிந்தது. காலையில் டீக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லவில்லை. ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணும் நாள். காலை முழுக்கப் பேரிங் எண்ணினேன். மதியம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். போனில் சொல்கிற விஷயமா இது.

ஜூன் 19, புதன்

தேதி நேற்றோடு முடிந்தது. இனிச் சொல்லி என்ன பிரயோஜனம்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று இரும்பாண்டி தொட்டதெல்லாம் துலங்கியது. கிணற்றுக்குள் விழுந்தவனுக்குப் புதையல் கிடைத்தது. முதலமைச்சர் கையால் பதக்கம் கிடைத்தது. அட்டைக்குப் பின்னால் ஒன்று விழுந்தாலும் ஆறு என்றேன்.

"இதென்னடா ஓரவஞ்சனை. என் ஆளு மூணு வாரமா ஜெயில்ல கெடக்கறான்" என்று அப்பாஸ் கோபித்துக்கொண்டான். நவநீதனுக்கே கூச்சமாகிவிட்டது. பதக்கத்தை ஆவியரசிக்குக் கொடுத்துவிடச் சொன்னான்.

முடிந்து இறங்கும்போது மேரி படியில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, போன வாரம் ரெண்டுதானுங்க விழுந்துச்சு. பக்கத்துல இருந்தனா, கண்ணுல பட்டுருச்சு."

"ஆட்டம் நல்லாப் போகட்டுமேன்னு மாத்துனேம்மா."

"நான் அதைச் சொல்லல. இன்னிக்கு நீங்க பண்ணுனதையும் பாத்தேன். எங்க ஸ்கூல்ல ஒரு பையனுக்குத் தப்பா மார்க்கு போட்டுப் பெயிலாக்கிட்டா, அடுத்த பரீட்சைல அள்ளி அள்ளிப் போடுவாங்க சில டீச்சருங்க. என்ன பண்ணுனீங்கண்ணா?"

வண்டிச் சாவியைக் காணோம் என்று பாக்கெட்டைத் துழாவினேன். சாவி கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜூன் 28, வெள்ளி

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நவநீதனைக் கூப்பிட்டார்கள். எனக்குக் காலையிலேயே தெரியும். நான் ஸ்டோர்ஸில் கடைசி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஏற்கெனவே எண்ணி முடித்த பேரிங்கை மறுபடி எண்ணினேன்.

அவன் நேராக என்னைத் தேடித்தான் வந்தான். வேறு யாரிடமும் சொல்லாமல் முதலில் என்னிடம் வந்தான். அதை எழுதவே கை கூசுகிறது.

"கணக்கு முடிச்சுட்டாங்கடா" என்றான். "ரெண்டு பகுதிக்கும் ஒரே ஆளாம். நீதானாம். நல்லதுதான் போ, வேற எவனாச்சும் வெளியாள் வர்றதுக்கு."

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீ எதுக்குடா மூஞ்சிய இப்படி வெச்சுக்கற? நீ என்ன பண்ணுவ பாவம்" என்றான். வேலை போனவன் எனக்கு ஆறுதல் சொன்னான். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"ஒண்ணுதான்டா புரியல. சொல்லாம கொள்ளாம அடிக்கடி லீவு எடுக்கறேன்னாரு ராமபத்ரன். செவ்வாயும் வெள்ளியும் மதியம் நான் இருக்கறதில்லன்னு கிழமையோட சொல்றாரு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"செக்யூரிட்டி சொல்லியிருப்பான்."

"செக்யூரிட்டியா?"

"கேட்டுல பாத்திருப்பானில்ல."

அவன் என்னைப் பார்த்தான். "நான் பின்னால மெசின் ஷாப் வழியா இல்ல போவேன். நீதான காட்டிக்குடுத்த அந்த வழிய."

பேரிங் பெட்டியின் மூடியை மூடினேன். திறந்தேன்.

"இருக்கும். செக்யூரிட்டியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். அப்பாவுக்கு நேரமாகிவிட்டது என்றான். இன்று முன்வாசல் வழியாகவே போனான்.

ஜூன் 5 அன்று எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை என்றுதான் இருக்கிறது. அது நிஜம்தான். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

வரமாட்டான் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.

அப்பாஸுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வீட்டில் சொல்லி பிரியாணி செய்து கொண்டுவந்திருந்தான். "ஓசூரு போனாப் போகுது, நம்ம கடைல வந்து உக்காருடா, ஸ்கிரீன் மாத்தக் கத்துத் தர்றேன்" என்றான். நவநீதன் சிரித்தான். பிறகு என் முன்னால் இருந்த காலண்டர் அட்டையை எடுத்து மடக்கித் தன் நாற்காலிக்குக் கீழே போட்டுக்கொண்டான்.

"இன்னிக்கு எல்லாம் வெளில உருட்டுவோம். இரும்பாண்டிக்கு வேலை மாத்தோணும், முறைப்படி."

முறைப்படி என்றால் சக்தி கிடையாது. ஆரம்பித்தேன். இரும்பாண்டியைக் கம்பெனி அனுப்பிவிட்டது. மதியம். வெயில். கேட்டுக்கு உள்ளே நிற்கிறான். "என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"ஸ்டோர்ஸுக்குப் போறேன். குமரேசன் இருக்கானா?"

"இருக்கான்."

"என்ன பண்றான்?"

"பேரிங் எண்ணறான்."

நவநீதன் தலையாட்டினான். இரும்பாண்டியின் குரல் எப்போதும் கனமாக இருக்கும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுவான். இன்று அவன் சொந்தக் குரலில்தான் பேசினான்.

"குமரேசா, நான் ஊரக் காப்பாத்த வெளிய போறது உனக்கு மட்டுந்தான் தெரியும். மேனேஜருக்கு யார் சொன்னது?"

"பகடை போடோணும்" என்றான் அப்பாஸ். அவனுக்கு ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. "நாலுக்குக் கொறையாம விழுந்தாக் குமரேசன் நெசத்தச் சொல்றான். கொறைஞ்சா மழுப்பிர்றான்."

நவநீதன் சட்டைப் பையிலிருந்து அவன் பகடையை எடுத்து என் பக்கம் தள்ளினான். மறைக்க ஒன்றும் இல்லாத மேசையில் உருட்டினேன். மூன்று விழுந்தது. நாலு பேரும் பார்த்தோம்.

"தப்பிச்சான் குமரேசன்" என்றான் அப்பாஸ்.

விதிப்படி நான் மழுப்பலாம். செக்யூரிட்டி என்று சொல்லலாம், அதுதான் ஆட்டம். மேரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"ஏன்டா, மூணுதான விழுந்துச்சு?" என்றான் அப்பாஸ். அடுத்த நொடியே தொடையில் தட்டினான். "அட, குமரேசனா? நல்லவன்னு நெனச்சனே அவன. ஒரு மாசமா உள்ளயே வெச்சிருந்து இப்பப் போட்ட பாரு, பிரமாதம்டா." அவன் கை தட்டினான். அவன் ஒருவன் மட்டும்.

"எதுக்குச் சொன்ன?" என்று நவநீதன் கேட்டான். இரும்பாண்டி கேட்கவில்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு சொன்னாங்க. பயந்துட்டேன்."

"போன வாரத்துக்கு மொத வாரம், கம்பெனிக்கு எத்தன விழுந்துச்சு?"

"ரெண்டு."

அப்பாஸ் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். தட்டிய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டான்.

நவநீதன் கத்துவான் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் இரும்பாண்டியின் தாளை என் முன்னால் நகர்த்தினான். மேலே பென்சிலையும் ரப்பரையும் வைத்தான். "வேலைய மாத்துனது நீதான. நீயே எழுது."

அந்தக் கட்டத்தில் அவன் கையெழுத்தில் 'டெஸ்டிங்' என்றிருந்தது. அழித்தேன். பென்சில் அழுத்தி எழுதியிருந்தான், முழுசாகப் போகவில்லை. அதன் மேலேயே 'டெஸ்டிங் மற்றும் ஸ்டோர்ஸ் மேலாளர்' என்று எழுதினேன். எனக்குக் கொடுக்கத் தோன்றியது அது ஒன்றுதான். எழுதி முடித்ததும்தான் வெட்கமாக இருந்தது.

அவன் அதைப் படித்தான். புதிய வேலை உறுதியாக ஒரு முறை உருட்ட வேண்டும், அது அவன் உரிமை. உருட்டினான். ஆறு.

"போகட்டும், இரும்பாண்டிக்காச்சும் கெடச்சுதே" என்றான்.

பகடையைப் பையில் போட்டுக்கொண்டான். அப்பாஸ் கட்டிக் கொடுத்த பிரியாணியை மறக்காமல் எடுத்துக்கொண்டான். மேரியிடம் "வர்றேம்மா" என்றான். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

ஜூலை 1, திங்கள்

டெஸ்டிங் மேசையை என் அறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இடம் கொஞ்சம் நெருக்கம். ராமபத்ரன் வந்து கை கொடுத்தார். வேலை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று காலையில் வண்டியில் வரும்போது நினைத்திருந்தேன். அவர் கை கொடுத்தபோது நானும் கொடுத்தேன். நன்றி சார் என்றேன்.

சாயங்காலம் பேக்கரிக்குப் போனேன். மாணிக்கண்ணன் வழக்கம்போல இரண்டு டீயை எடுத்து வைத்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கீங், இன்னொருத்தரு?"

"லீவுங்" என்றேன்.